டாக்டர் பார்க்காத திரை: கேத் லேபுக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு

படிப்பை முடித்துவிட்டு முதல் நாள் கேத் லேபுக்குள், அதாவது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் (கேதீட்டர்) விட்டு வைத்தியம் செய்யும் அறைக்குள், வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள்: பெரிய மானிட்டருக்கு நேர் எதிரே. கறுத்த ரத்தக்குழாய் துடிப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 19 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தத் திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். அவர் கண் அதைவிட்டு நகராது, நகரவும் கூடாது. அதனால் அவர் பார்க்க முடியாமல் போகிற மற்றதெல்லாம் நம் பொறுப்பு. பிரஷர் கோடு, ஈசிஜி, படுத்திருப்பவர் முகம், ரேடியேஷன் டோஸ், டை (ரத்தக்குழாயைப் படத்தில் கறுப்பாகக் காட்டும் மருந்து) செலுத்தும் இன்ஜெக்டரில் இருக்கும் எண், அந்த டை எத்தனை மில்லி போயிருக்கிறது என்ற கணக்கு. பார்த்ததை வாய் திறந்து சொல்வது அதில் பாதி வேலை.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். இதயத்துக்கும் மூளைக்கும் ஒரே லேப், ஒரே சி-ஆர்ம் (சி வடிவக் கையில் சுற்றும் எக்ஸ்ரே மெஷின்). காலையில் ஆஞ்சியோ, மதியம் ஸ்டென்ட், ராத்திரி 2 மணிக்கு ஸ்ட்ரோக். புதுப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஆள் உள்ளே வருமுன்

மெஷினைப் போட்டதும் ஆர்மை இரண்டு பக்கமும் சுற்றி, டேபிளை ஏற்றி இறக்கிப் பாருங்கள். டீஃபிப்ரிலேட்டரை ஆன் செய்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. சார்ஜ் ஏற்றி டெஸ்ட் ஷாக் கொடுத்து, வரும் சீட்டைத் தேதி போட்டு ஒட்டி வையுங்கள். சக்‌ஷன் குழாய் வாயில் விரலை வைத்து இழுக்கிறதா பாருங்கள். இதெல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் டீ குடிக்கப் போகத் தோன்றும்.

அடுத்து பெயர். ஒரே நாளில் இரண்டு முருகேசன் வருவது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. "நீங்கதான முருகேசன்?" என்று கேட்காதீர்கள். பயந்துபோய்ப் படுத்திருக்கும் மனிதர் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். "உங்க பேரு என்னங்கய்யா? அப்பா பேரு? எந்த ஊரு?" என்று கேட்டு அவர் வாயாலேயே வர வையுங்கள். கைப்பட்டையில் இருக்கும் ஐ.பி. எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஃபைலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) எவ்வளவு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா, டைக்கு அலர்ஜி உண்டா என்பதை டாக்டர் கையுறை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கிரியேட்டினின் கூடியிருந்தால் அன்றைக்கு டைக்கு ஒரு உச்சவரம்பை அவரிடமே கேட்டு வாங்கி, போர்டில் எழுதிவிடுவேன். 50 மில்லி தாண்டும்போது ஒரு குரல், 100 தாண்டும்போது ஒரு குரல்.

பிறகு டிரான்ஸ்டியூசரை (கேதீட்டர் வழியே பிரஷரை அளக்கும் கருவி) ஜீரோ செய்வது. மார்பின் பாதி உயரத்தில், அக்குளின் நடுக்கோட்டுக்கு நேராக அது இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் பிரஷர் 7 மில்லிமீட்டருக்கு மேல் கூடக் காட்டும். 120 இருக்க வேண்டிய இடத்தில் 127 வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இதயத்தின் கீழறையில், அது நிறைந்து சுருங்குவதற்குச் சற்று முன், 12 இருக்க வேண்டியது 19 என்று வந்தால் ரிப்போர்ட்டே மாறிவிடும். எஃப்.எஃப்.ஆர்., அதாவது அடைப்பைத் தாண்டியபின் பிரஷர் எவ்வளவு பங்கு மிஞ்சுகிறது என்று, பார்க்கும்போது இன்னும் மோசம். அங்கே 0.80 என்பதுதான் எல்லை. அதற்கு மேலே என்றால் பெரும்பாலும் மருந்தோடு விட்டுவிடுவார்கள், எண் இறங்கினால் ஸ்டென்ட் பேச்சு வரும். பிரஷர் வயரையும் கேதீட்டரையும் முதலில் சமப்படுத்தாமல் விட்டால் தேவையில்லாத ஸ்டென்ட் ஒன்றை ஒருவர் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டி வரும். டிரான்ஸ்டியூசர் தனி ஸ்டாண்டில் இருந்தால், டேபிளை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஜீரோ.

கோடு படுத்தால்

நான் சேர்ந்து நாலாவது மாதம். வலது கரோனரி (இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்) பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரஷர் 130க்கு 80 என்று அழகாக மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. கேதீட்டர் நுனி உள்ளே போய் உட்கார்ந்ததும் கோடு படுத்துவிட்டது. 90க்கு 35. இறங்கும் சரிவில் இருக்கிற சின்னக் கொக்கி காணாமல் போனது. நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். சார் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அனுபவமுள்ளவருக்கு நாலு மாதக் குட்டி நான் என்ன சொல்வது?

அவர் டையை அழுத்தினார். பெரிய குழாய் தெரியவில்லை. மேல் பக்கமாகப் போகிற ஒல்லியான கிளை ஒன்று மட்டும் கறுத்து, அதைச் சுற்றி மை ஊறின மாதிரி ஆனது. கோனஸ் கிளை என்பார்கள். கேதீட்டர் அதற்குள் போய் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஈசிஜி சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆயிற்று. படுத்திருந்தவர் கண் மேலே செருகியது. சிஸ்டர் நெஞ்சை அழுத்த, 200 ஜூல் ஒரே ஷாக்கில் ஆள் திரும்பி வந்தார். "என்னம்மா ஆச்சு, தூங்கிட்டேனா?" என்று கேட்டார்.

கேஸ் முடிந்து சார் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். திட்டவில்லை.

"பிரஷர் விழுந்ததப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, கோடு படுத்தால் (அதைத்தான் டேம்ப் என்போம்) ஒரே சொல்: "டேம்ப் சார்!" கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி சொல்லுங்கள். 'சார், பிரஷர் கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது' என்று நீட்டி முழக்கினால் நீங்கள் முடிப்பதற்குள் டை போய்விடும். கேதீட்டர் நுனி சுவரில் முட்டியிருக்கலாம், வாய் அடைப்புள்ள குழாயில் நுழைந்திருக்கலாம், சின்னக் கிளைக்குள் போயிருக்கலாம். சில நேரம் குற்றம் நம் பக்கமே இருக்கும்: லைனில் காற்றுக் குமிழி, ரத்தக் கட்டி, சரியாக முறுக்காத இணைப்பு. எதுவானாலும் கோடு எழும் வரை டை கூடாது. ஒன்றுமில்லாததற்குக் கத்திவிட்டோமே என்று கூச்சப்படாதீர்கள். பத்துக்கு ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. என்னோடு வேலை பார்க்கும் டாக்டர்கள் யாரும் அதற்காக முகம் சுளித்ததில்லை. சுளிப்பவர் இருந்தாலும் கத்துங்கள்.

இதில் ஒரு பழங்கதை உண்டு. 1958இல் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் பெருந்தமனிக்கு டை கொடுக்கப் போக, கேதீட்டர் நழுவி வலது கரோனரிக்குள் போய், டை முழுக்க அதற்குள் இறங்கிவிட்டது. இதயம் நின்றுபோனது. அவர் நோயாளியை இருமச் சொன்னார், துடிப்பு திரும்பியது. கரோனரி ஆஞ்சியோகிராம் என்பதே அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான். இன்றைக்கும் வலது கரோனரியில் டை போனதும் நாடி இறங்கினால் "ஐயா, இருமுங்க! பலமா இருமுங்க!" என்று சத்தம் போடுவது நம் வேலை. கேஸ் தொடங்குமுன்பே ஒரு முறை இருமச் சொல்லிப் பழக்கிவையுங்கள். அவசரத்தில் புதிதாகக் கேட்டால் "ஏன்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

கோணங்கள்

கோணம் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும், பயம் வேண்டாம். எல்.ஏ.ஓ. என்றால் டிடெக்டர் (கதிரைப் பிடித்துப் படமாக்கும் தட்டு) நோயாளியின் இடப்பக்கம் போகும், ஆர்.ஏ.ஓ. என்றால் வலப்பக்கம். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் முதுகெலும்பைத் தேடுங்கள். அது படத்தின் வலது ஓரம் இருந்தால் எல்.ஏ.ஓ., இடது ஓரம் இருந்தால் ஆர்.ஏ.ஓ. "ஸ்பைடர்" என்று டாக்டர் சொன்னால் எல்.ஏ.ஓ. 45, கால் பக்கம் 30. இடது மெயின் குழாய் பிரியும் இடம் எட்டுக்கால் பூச்சி மாதிரி விரியும். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. குழாய்க்கு, நேராக வைத்து தலைப்பக்கம் 35 அல்லது 40. வலது கரோனரிக்கு எல்.ஏ.ஓ. 30. ஒரு மாதத்தில் டாக்டர் வாயைத் திறக்குமுன் ஆர்ம் அங்கே போய் நிற்கும். அப்படி நிற்கும்போதுதான் கவனம் தேவை: ஆர்ம் திரும்பும் ஒவ்வொரு முறையும் கண் திரையில் இருக்கக் கூடாது, நோயாளியின் முழங்கையிலும் சலைன் லைனிலும் இருக்க வேண்டும். குண்டான ஒருவரின் தோளில் டிடெக்டர் இடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நெஞ்சுவலியை விடத் தோள்வலிதான் ஒரு வாரம் நின்றது.

டோஸ்

ஈய ஏப்ரன் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நம் மேல் விழுவது பெரும்பாலும் நேர்க் கதிர் இல்லை, நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. தூரம் இரண்டு மடங்கானால் அது நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் ஈயம் போட்டிருந்தாலும் டை அழுத்தும்போது ஓரடி பின்னால் வையுங்கள். ஸ்பைடர் போலச் சாய்த்து எடுக்கும் எல்.ஏ.ஓ.வில் எக்ஸ்ரே டியூப் டாக்டர் நிற்கும் பக்கமே வந்துவிடும், சிதறலும் அந்தப் பக்கம்தான் கூடுதல். மேலே தொங்கும் கண்ணாடித் தடுப்பை அந்த நேரத்தில் இழுத்து வைக்க அவருக்குக் கை இருக்காது. நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

மெஷின் பக்கம் செய்ய வேண்டியது எளிது. டேபிளை டியூபிலிருந்து உயர்த்தி, டிடெக்டரை நெஞ்சுக்கு முடிந்தவரை நெருக்கமாக இறக்குங்கள். வயர் நகர்த்தும்போது ஃப்ளூரோ (நேரலையாக ஓடும் எக்ஸ்ரே) விநாடிக்கு 7.5 ஃபிரேம் போதும். 15இல் விட்டுவைப்பது சோம்பேறித்தனம். சினி (தெளிவாகப் பதிவாகும் படம்) அழுத்தினால் ஃப்ளூரோவைப் போல் சுமார் 10 மடங்கு டோஸ். பலூன் ஊதியதைப் பதிவு செய்ய சினி எதற்கு? ஃப்ளூரோ சேவ் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பார்க்க வேண்டிய இடத்துக்கு மட்டும் கோலிமேட்டரைக் குறுக்குங்கள், படமும் தெளியும்.

திரையில் ஓடும் ஏர் கெர்மா எண்ணை (இதுவரை கொடுத்த கதிரின் அளவு) 1 கிரே, 2 கிரே, 3 கிரே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே இடத்துத் தோலில் 2 கிரேக்கு மேல் விழுந்தால் சிவக்க வாய்ப்புண்டு. 5 கிரே தாண்டினால் நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி, முதுகுத் தோலைச் சில வாரங்களுக்குக் கவனிக்கச் சொல்ல வேண்டும். நாள்பட்ட அடைப்பைத் திறக்கும் கேஸ்களில் இது சர்வசாதாரணமாக வரும். 3 தாண்டியதும் "சார், கோணத்தை 10 டிகிரி மாத்தலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கதிர் நுழையும் இடம் நகர்ந்துவிடும்.

உங்கள் மேல் விழும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில் குத்துங்கள். ஏப்ரன் மேலேயே மாட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து ரீடிங் கூடிப்போச்சு என்று அழுத பையனைத் தெரியும். நம் நாட்டு வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எழுத்தில் கொடுங்கள். அதன்பின் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, டியூட்டியை அவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும். கூச்சத்தில் நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரமும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

எண்களைத் திருப்பிச் சொல்லுங்கள்

இன்ஜெக்டர்தான் லேபில் எனக்கு இன்னும் பயம் தரும் பொருள். இதயத்தின் கீழறைக்குப் பிக்டெய்ல் கேதீட்டர் வழியாக விநாடிக்கு 12 மில்லி, மொத்தம் 36 என்று வைப்போம். அடுத்து வருவது மூளை கேஸ். மூளைக்குப் போகும் இன்டர்னல் கரோட்டிட் குழாய்க்கு எங்கள் லேபில் விநாடிக்கு 4, மொத்தம் 6. முந்தைய எண்ணை மாற்ற மறந்து பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் நான் எண்ணை 1க்கு 1 என்று இறக்கிவிட்டுத்தான் நகர்வேன். அப்போது மறந்தால்கூடப் படம் கெடும், ஆள் கெடமாட்டார். அழுத்துமுன் சத்தமாக: "4க்கு 6, காற்று இல்ல, ரெடி."

ஸ்டென்ட் கேட்கும்போதும் அப்படித்தான். "மூணு இருவத்தெட்டு" என்று டாக்டர் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்து, பெட்டியைப் பார்த்துப் படித்து, காலாவதித் தேதியையும் படித்து, அவர் தலையாட்டிய பிறகு பிரியுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டென்டில் இரண்டு எண்ணும் மில்லிமீட்டர்: 3 மில்லிமீட்டர் அகலம், 28 மில்லிமீட்டர் நீளம். மூளை அன்யூரிசத்துக்கு (ரத்தக்குழாய்ச் சுவரின் வீக்கம்) வைக்கும் காயிலில் முதல் எண் மில்லிமீட்டர், இரண்டாவது சென்டிமீட்டர். "மூணுக்கு ஆறு" என்றால் 3 மில்லிமீட்டர் சுருள், 6 சென்டிமீட்டர் நீளம். காலையில் ஸ்டென்ட், மாலையில் காயில் என்று ஓடும் லேபில் அலகையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

மூளை

இதயத்தில் நுழையும் ஒரு குட்டிக் குமிழியை உடம்பு சில நேரம் பொறுத்துக்கொள்ளும். மூளை பொறுக்காது. மூளை கேஸில் எல்லாக் கேதீட்டர்களுக்கும் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த சலைன் சொட்டிக்கொண்டே இருக்கும். பிரஷர் பேகை 300 வரை ஏற்றி வைத்திருப்போம். பை காலியானால் அடுத்து உள்ளே போவது காற்று. கால் பங்கு மிச்சமிருக்கும்போதே மாற்றுங்கள். லைன்களில் கலர் டேப் ஒட்டி, எந்தப் பை எந்தக் கேதீட்டருக்கு என்று தெரிய வையுங்கள்.

டி.எஸ்.ஏ. என்பது கழித்தல் கணக்கு. டை வருமுன் எடுத்த எலும்புப் படத்தை டை வந்த படத்திலிருந்து கழித்தால் ரத்தக்குழாய் மட்டும் மிஞ்சும். இரண்டு படத்துக்கும் நடுவே தலை ஒரு மயிரிழை அசைந்தாலும் எலும்பு பேய் மாதிரி தெரியும். எச்சில் விழுங்கினால் கழுத்துப் படம் போச்சு. திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர். எத்தனை முறை "எச்சி முழுங்காதீங்கய்யா" என்று சொன்னாலும் சரியாக டை போகும்போது விழுங்குவார். முழுங்காதே என்றால்தானே எச்சில் ஊறும். மூன்று படம் வீணானபின் உள்ளே போய் அவர் காதருகே சொன்னேன்: "ஐயா, இப்ப நல்லா ஒரு தடவ முழுங்கிக்கங்க. முழுங்கியாச்சா? இப்ப வாய லேசாத் திறந்து வச்சுக்கங்க. தலைக்குள்ள சுடுதண்ணி ஊத்துன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்." ஒரே படத்தில் முடிந்தது. அந்தச் சூட்டை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் யாராக இருந்தாலும் தலையைத் திருப்பத்தான் செய்வார்கள்.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, தமனி தெரிந்ததும் பெடலை விடச் சொல்வது. ஸ்ட்ரோக் கேஸில் சிரையில் வந்த டையும் வெளுக்கும் வரை ஓட விட வேண்டும், பத்து விநாடிக்கு மேலும் ஆகும். அடைபட்ட இடத்துக்கு வேறு வழியாக ரத்தம் தாமதமாக வருகிறதா என்பது கடைசி ஃபிரேம்களில்தான் இருக்கும். விநாடிக்கு 2 அல்லது 3 ஃபிரேம் வைத்தால் டோஸும் ஏறாது.

ரோட்மேப் (குழாயின் படத்தை உறையவைத்து, அதன் மேல் வயர் போவதைப் பார்ப்பது) போட்டபின் டேபிளைப் பூட்டுங்கள். வயர் குழாய்க்கு வெளியே போவது போலத் தெரிந்தால் பாதி நேரம் வயர் எங்கும் போயிருக்காது, தலை அசைந்திருக்கும். "ரோட்மேப் நகர்ந்துருச்சு சார், புதுசா எடுத்துரலாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்குத்தான் உண்டு. அதே நேரம், பாதி நேரம் என்றுதான் சொன்னேன். மீதிப் பாதியில் வயர் உண்மையிலேயே வெளியே போயிருக்கலாம். அதனால் இரண்டையும் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

ராத்திரி ஸ்ட்ரோக் அழைப்பு வந்தால் ஓட்டம்தான். பெரிய குழாய் அடைத்துக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006இல் கணக்குப் போட்டார்கள். 2015இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் ரத்தக் கட்டியை உள்ளே போய் எடுப்பது உறுதியான சிகிச்சை ஆனது. 2018க்குப் பிறகு ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது மெஷின் பூட் ஆகிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே செக்யூரிட்டி அண்ணனுக்குப் போன் போட்டு ஏசியைப் போடச் சொல்லிவிடுவேன். போனதும் மெஷின், பிறகு சி.டி. ஆஞ்சியோ படத்தைப் பக்கத்து மானிட்டரில் திறந்து வைப்பது, பிறகு சலைன் பைகள். தலைக்குப் பட்டை கட்டும்போது நேரத்தை போர்டில் எழுதுங்கள். தொடையில் ஊசி நுழைந்த நேரம், கட்டி வந்த நேரம் எல்லாம் பின்னால் கேட்பார்கள்.

சில நேரம் டேபிளிலேயே பேச்சு திரும்பும். ஒரு அம்மாவுக்குக் கட்டி வெளியே வந்து இரண்டு நிமிடத்தில், அதுவரை துவண்டு கிடந்த வலது கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தார். தலையை அசைக்காதீங்கம்மா என்று கத்த வேண்டிய நான் கத்தவில்லை.

கடைசியில்

கேஸ் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள், நமக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டை கட்டியிருந்தால் விரல் நுனி நீலமாகிறதா என்று வார்டுக்கு அனுப்புமுன் பாருங்கள். ஸ்டென்ட், காயில் பெட்டிகளின் ஸ்டிக்கரை உடனே ஃபைலில் ஒட்டுங்கள். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்த் துணியோடு துவைத்த பெருமை எனக்கு உண்டு. ஃப்ளூரோ நேரம், ஏர் கெர்மா, டை அளவு மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். படங்கள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று திறந்து பார்த்த பிறகே மெஷினிலிருந்து அழியுங்கள். ஏப்ரனை நாற்காலியில் மடித்துப் போட்டால் உள்ளே ஈயம் விரிசல் விடும், ஹேங்கரில் மாட்டுங்கள். இன்ஜெக்டர் 1க்கு 1. லைட்டை அணைக்குமுன் டீஃபிப் சார்ஜரில் சொருகியிருக்கிறதா என்று ஒரு பார்வை.